பலகைக்குப் போட்ட மாலை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரின் ஆற்றோரமாக நடப்பவர்கள் அம்பலவாணனைப் பார்க்காமல் போக முடியாது. ஒரு காலத்தில் படகு படகாகப் பலகை வந்திறங்கிய மரக்காலை அங்கே இருந்தது. இப்போது அடுக்குமாடி வீடுகள். பழசை மறக்கக் கூடாதென்று கவுன்சில் கரை நெடுக வரலாற்றுப் பலகைகள் நட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றிலுள்ள பழைய படத்தில், மர அடுக்கின் முன்னால், அடர்ந்த மீசையோடு இளம் அம்பலவாணன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தோளில் ஒரு கை கிடக்கிறது. கைக்குரியவர் படத்துக்கு வெளியே.

அந்தக் கை ஞானரட்ணத்தினுடையது. அகதியாக வந்திறங்கிய புதிதில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே குளிர்ச்சட்டை. யாருக்கு ஷிப்டோ அவருக்கு அது. மரக்காலையில் பலகை சுமந்தே அம்பலவாணன் வீடு வாங்கினார், கலாவதியைக் கைப்பிடித்தார், மகளைப் படிப்பித்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் மகளின் கலியாணத்தின்போது மட்டும் அவருடைய புத்தி புல் மேயப் போய்விட்டது. நகரின் மறுகோடியிலுள்ள வெம்பிளிக்குக் குடிபோயிருந்த ஞானரட்ணத்தை நேரில் போய் அழைக்காமல், வாட்ஸ்அப்பில் அழைப்பிதழை அனுப்பிவிட்டார். ஞானரட்ணம் வரவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

பலகை திறப்பு விழாவுக்காவது அவன் வரமாட்டானா என்று அம்பலவாணன் ஏங்கினார்.

"ஒருக்கா போய்ச் சொல்லுங்கோவன்," என்றார் கலாவதி.

"அவனும் ஒருக்கா ஃபோன் எடுத்திருக்கலாம்தானே?"

வீம்பு. விழாவன்று ஒவ்வொரு முகமாகத் தேடித் தேடிக் களைத்து, காய்ச்சலும் காய, பாதியிலேயே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

தமிழ்ச் சங்கச் செயலாளர் வாசுதேவன் கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். விழா நாயகன் கிளம்பிவிட்டாரே, அவர் கழுத்துக்கென்று வாங்கிய மாலை வீணாகிறதே என்று, அதைப் பலகையிலிருந்த படத்துக்கே போட்டார். போட்டதோடு விட்டாரா? அதையும் படமெடுத்து, 'நமது அம்பலவாணன் ஐயா' என்று எழுதி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவைத்தார். படத்துக்கு மாலை விழுந்துவிட்டால் நம் சனத்துக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

பின்னேரம் வாசலில் வெள்ளைச் சட்டைகள் கூடிவிட்டன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒருவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். "அவர் உள்ளுக்கை தேத்தண்ணி குடிக்கிறார்," என்று சொல்லிச் சொல்லியே கலாவதிக்கு வாய் உளைந்தது. வந்தவர்கள் அசடு வழியச் சிரித்து, சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுபடியும் மணி அடித்தபோது அம்பலவாணனே போர்வையோடு போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஞானரட்ணம். தலை முழுக்க நரைத்திருந்தது, கண் வீங்கியிருந்தது. இவரைக் கண்டதும் படியிலேயே குந்திவிட்டார்.

"உயிரோடையோ இருக்கிறாய்?"

"ஓம். செத்தால்தான் வருவியோடா?"

"செத்த வீட்டுக்கு ஆரும் வந்து அழைக்கத் தேவையில்லைத்தானே," என்றார் ஞானரட்ணம். சொல்லும்போதே விம்மல் வந்துவிட்டது.

அம்பலவாணன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். காய்ச்சலோடு அவரும் அந்தக் குளிர்ந்த படியில் பக்கத்தில் குந்தினார்.

"பிழை என்ரைதான் மச்சான். நேரிலை வந்து சொல்லியிருக்க வேணும்."

"சரி, எழும்பு. குளிர் பிடிச்சு உண்மையாவே செத்துப்போடாதை."

தன் சாவுக்கென்று வந்த இடியப்பத்தை அம்பலவாணன் ரசித்துச் சாப்பிட்டார். ஞானரட்ணம் இரண்டாம் தரமும் சொதி கேட்டு வாங்கினார். பழைய கதைகள் ஓய்ந்து எழும்பியபோது, ஞானரட்ணம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே நடந்தார். செத்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. வந்த காரியத்தின் பழக்கம் அவரை விடவில்லை போலும். ஆனால் அம்பலவாணன் போர்வையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கோபம் ஆறவில்லையோ? இனி வரவே மாட்டானோ?

வாசல் கேற்றடியில் ஞானரட்ணம் நின்றார். விறுவிறுவென்று திரும்பி வந்து, அம்பலவாணனின் தோளில் கையைப் போட்டார்.

"போயிட்டு வாறன்," என்றார்.