மூன்றாவது தட்டு

என் மனைவி அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தாள். ஒரு தாள் மட்டும் தேறாமல் நின்றுபோனது. நாவல் பாடம். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆயா வேலை. பட்டம் வாங்கினால் அங்கேயே ஆபீஸில் உட்காரலாம், ஜூன் வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

தாள் நின்றதற்கு நான் காரணம்.

நான் சிம்மக்கல்லில் பழக்கடையில் பெட்டி கட்டுகிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. மாதுளைப் பெட்டியில் மேல் அடுக்குக்குப் பெரிய பழமாக, நல்ல நிறமாகப் பார்த்து வைப்போம். மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான்.

அந்த நாவலில் கதை சொல்வது பத்து வயதுப் பெண். அவள் சொல்லும் மறக்க முடியாத வரிகளை விளக்கச் சொல்லிக் கேள்வி வரும். நோட்ஸில் பன்னிரண்டு வரி இருந்தது. உண்மை, உலகம், தைரியம் என்று எல்லாம் பெரிய வரிகள். பன்னிரண்டையும் முதல் பக்கத்திலேயே அடுக்கிவிடு, திருத்துகிறவர் அதைப் பார்த்தே மார்க் போட்டுவிடுவார் என்று சொன்னேன். பயத்தில் இருந்தவள் அப்படியே செய்தாள். விளக்கம் எழுத நேரமில்லை.

அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எழுத வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு டீச்சர் கேட்டாராம். வீட்டில் வந்து சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் நாவலைக் கடைக்கு எடுத்துப் போனேன். லாரி வராத நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூடப் பெட்டி கட்டுகிறவன் விடவில்லை.

“மாப்ள, பரிச்சை தங்கச்சிக்கா, ஒனக்கா?”

ரெண்டு பேருக்கும் என்றேன்.

“அப்ப ஆபீஸ்ல ரெண்டு சேர் போடச் சொல்லு.”

முடிக்க ஒரு மாதம் ஆனது. நோட்ஸில் இருந்த வரிகள் எல்லாம் வந்து போயின. நான் நின்றது வேறு இடத்தில். கதையில் வேலை தேடிப் போன அப்பா திரும்பவில்லை. வீட்டில் அம்மாவும் மகளும்தான். அம்மா தினமும் மூன்று தட்டு கழுவுகிறாள். மூன்றாவதில் யாரும் சாப்பிடவில்லை, ஆனாலும் அதைத்தான் ரொம்ப நேரம் தேய்க்கிறாள் என்கிறாள் மகள். அவ்வளவுதான். அடுத்த வரியில் ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசப் போய்விடுகிறாள்.

கோச்சடையில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இது நோட்ஸில் இல்லையே என்றாள்.

“இல்ல. இத ஏன் அந்தப் புள்ள சொல்லுது?”

கத்தியைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பா திருப்பூர் போய் மூன்று வருடம் வராமல் இருந்திருக்கிறார். அவர் விட்டுப்போன சட்டையை அவள் அம்மா மாதம் ஒருமுறை துவைத்துக் காயப்போடுவாராம். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“நான் ஏன்னு கேட்டதே இல்லைங்க. கேட்டா அம்மா ஒடஞ்சு போயிரும். இந்தப் புள்ளையும் அதான் ஆட்டுக்குட்டியப் பத்திப் பேசுது.”

“இம்புட்டையும் எழுது.”

“மார்க் வருமா?”

தெரியலை என்றேன். போன தடவை தெரியும் என்று சொன்னவன் நான்.

மறுபடி பரீட்சை வந்தது. கிட்டத்தட்ட அதே கேள்வி. மூன்று வரிதான் எடுத்துக்கொண்டாளாம். தட்டுக்கு மட்டும் இரண்டரைப் பக்கம். வாசலில் காத்திருந்த என்னிடம் சொல்லிவிட்டு, பசிக்கிறது என்றாள்.

மே கடைசியில் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

ஒரு சேர்தான் போட்டாங்க என்று கடையில் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே நல்ல மாதுளையாகப் பொறுக்கித் தள்ளினான். முதல் நாள் அவள் ஆபீஸுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி கட்டினேன். மேலிருந்து அடி வரை ஒரே அளவுப் பழம்.