வசிதியின் நாற்காலிக்கு மேலே

வசிதியை எங்கள் டயாலிசிஸ் அறைக்கு வாரம் மூன்று நாள் கொண்டுவந்து விடுவது அவள் கணவர் இலைட்டியா. வாசலோடு சரி, உள்ளே வரமாட்டார். ஏணியும் குழாய்களும் கட்டிய வேன் இஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும். அவள் இறங்கியதும் கிளம்பிவிடும். ஏ.சி. பொருத்துவது அவர் தொழில். எங்கள் தீவு நகரமான லவுடோகாவில் கரும்பு வெட்டு முடிந்து புழுக்கம் தொடங்கிவிட்டால் அந்தத் தொழில்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அந்த வருடப் புழுக்கத்தில், வசிதியின் நாற்காலிக்கு மேலே கூரையில் தொங்கிய ஏ.சி. பெட்டி ஒழுகத் தொடங்கியது. மொட்டை மாடியில் இருக்கும் பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாயில் அனுப்பும். கூரைப் பெட்டியின் விசிறி அந்தக் குளிரை அறைக்குள் ஊதும். பெட்டிக்குள் வியர்க்கும் தண்ணீர் தட்டில் விழுந்து வடிகுழாய் வழியே போக வேண்டும். போகாமல் வசிதியின் முழங்காலில் சொட்டியது. ரத்தம் ஓடும் குழாய்களை மாட்டியபின் அவளால் நகர முடியாது. நர்ஸான நான் அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடுவேன். வேறென்ன செய்ய?

பெட்டியை மாற்றும் வேலை இலைட்டியாவின் முதலாளிக்கே வந்தது. நோயாளிகள் இல்லாத நாள் ஞாயிறு ஒன்றுதான். இலைட்டியா மெதடிஸ்ட் சர்ச்சில் பாடுபவர். ஞாயிறு வேலை செய்தால் ஊரில் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் வந்தார். வசிதியின் தம்பி அபகுகியும் கூட வந்தான். இயந்திரங்கள்மேல் தூசி படாமல் போர்த்திவைக்க நானும் வந்திருந்தேன்.

"சர்ச்சுல பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க மச்சான். உன் தொண்டை இல்லாம இன்னைக்காவது ஆண்டவர் நிம்மதியா கேப்பார்," என்றான் அபகுகி.

"வாயால பெட்டிய தூக்க முடிஞ்சா உன்னை ஒருத்தனையே விட்டுட்டுப் போயிருப்பேன். பிடி அந்தப் பக்கம்."

அவர்கள் ஊரில் மச்சான்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பேசாமல் இருந்தால்தான் சண்டை என்று அர்த்தம்.

பழைய பெட்டியை இறக்குவதற்கே பாதிக் காலை போனது. குழாயை அடைக்கும் வால்வு சும்மா சுற்றியது, அடைபடவில்லை. குளிர்ந்த நீர் பீய்ச்சியடித்து இருவரும் நனைந்தார்கள். இலைட்டியா வெயிலில் மாடியேறி மெயின் வால்வை அடைத்துவிட்டு வந்தார். பழைய தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் பாசியும் துருவும்.

"முன்னாடி மாட்டினவன் சரிவையே மாத்தி வச்சிருக்கான். தண்ணி ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் போய் உக்காந்திருக்கு," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே.

பளு தூக்கும் வண்டி நாற்காலிகளுக்கு நடுவே நுழையவில்லை. புதுப் பெட்டியைச் சாரத்தில் ஏறித் தோளில் வைத்தே தூக்கினார்கள். கான்கிரீட்டில் அறைந்த ஆணிகளிலிருந்து நான்கு மரைக்கம்பிகள் தொங்கின. இலைட்டியாவின் இடது தோள் வருடக்கணக்காகக் கெட்டது. கடைசிக் கம்பியில் நட்டு ஏறும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். பிறகு மட்டம் வைத்து, வடிகுழாய்ப் பக்கம் கொஞ்சம் தாழும்படி நட்டுகளைத் திருகினார்.

மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் தின்ன உட்கார்ந்தபோது, தெரியாமல் வசிதியின் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்; அது அவளுடையது என்று சொன்னேன். மேலே கூரைப் பலகையில் பெரிய பழுப்புக் கறை.

"சிஸ்டர், இதையா அவ பாத்துக்கிட்டே கிடக்கிறா?"

"ஆமாண்ணே. அது அவங்க பொறந்த கண்டவு தீவாம். அம்மா வீடு எந்தக் கடற்கரையில இருக்குன்னு எங்களுக்கெல்லாம் காட்டுவாங்க."

அவர் கிழங்கை அப்படியே வைத்துவிட்டார். "வீட்ல சொன்னதே இல்ல," என்றார். பிறகு எழுந்து குழாய்களை இணைக்கப் போனார்.

குளிர்நீர் வரும் குழாய், திரும்பும் குழாய், அவற்றின்மேல் ரப்பர் உறை, மின்கம்பிகள், சுவரில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி என ஒவ்வொன்றாய் மாட்டினார். குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றத் திறந்தபோது உஸ்ஸென்று இரைந்து, கடைசியில் தண்ணீர் வந்தது. ஒரு ஜக்குத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினார். அபகுகி வெளியே வடிகுழாய் முனையில் நின்று கத்தினான்: "வருது மச்சான்! ஆத்துல வெள்ளம்!" இலைட்டியா கறை படிந்த பலகையை மாற்றி, வெள்ளைப் பலகையை ஏற்றினார்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் குளிர்ந்தது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு எப்போதும் குளிர்தான். புதுப் பெட்டி வேறு பனியாய்க் கொட்டியது. போர்வைக்குள்ளிருந்து திட்டுகள் வந்தன. வசிதிதான் சத்தமாகச் சொன்னாள்:

"எந்த மடையன்டா இதை மாட்டினது? அவனைக் கொண்டுவந்து இதுக்குக் கீழ கட்டிப் போடுங்க!"

நான் இலைட்டியாவுக்கு போன் செய்தேன். நோயாளிகள் இருக்கும்போது முதல்முறையாக அவர் உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு. ஊசிகளையும் ரத்தம் ஓடும் குழாய்களையும் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டார். யாரையும் பார்க்காமல் ஏணியில் ஏறி, பெட்டியில் காற்றைத் திருப்பும் இதழ்களைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். விசிறியைக் குறைத்தார்.

"இப்ப?"

"இப்ப பரவால்ல," என்றாள் வசிதி. "என் தீவை எங்க தூக்கிட்டுப் போன?"

"வேன்லதான் கிடக்கு. வேணும்னா திருப்பி மாட்டவா?"

"ஐயோ வேணாம். உக்காரு கொஞ்சம்."

"வேலை இருக்கு."

"எப்ப இல்ல?"

அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் கையைத் தொடலாமா என்று என்னைக் கேட்டார். ஊசியில்லாத கை என்று காட்டினேன். அதைப் பிடித்தபடியே சுவரில் தலை சாய்ந்து தூங்கிப்போனார். குறட்டையில் அறையே சிரித்தது. அவர் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வசிதி அதை உருவி, "ஹலோ, அவர் கூரைக்குள்ள இருக்காரு, கையை எடுக்க முடியாது," என்று முதலாளியிடம் சொல்லி வைத்தாள்.

அவள் அடுத்த புயல் காலம் வரை உயிரோடு இருந்தாள். அத்தனை நாளும் அந்தப் பெட்டி ஒழுகவில்லை. தோள் முழுதாய் விழுந்ததும் இலைட்டியா தூக்கும் வேலையை விட்டுவிட்டார். இப்போது பெட்டியின் வடிகட்டி கழுவ மட்டும் வருகிறார். அபகுகி ஏணியில் ஏறுகிறான், அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறார்.