ஒரு கண்ணியில் நின்ற சதுரம்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடியில், சரோஜினிதேவி தில்லைநாதன் வீட்டுத் துணி முழுவதையும் தோய்த்தார். மகன் ஜனா இறந்து அன்றைக்கு முப்பதாம் நாள். மறுநாள் முப்பத்தொன்று, துடக்கு என்ற சாவுத் தீட்டுக் கழியும் நாள். அதற்குள் சாவு நடந்த வீட்டில் தண்ணீர் படாத துணி எதுவும் மிஞ்சக்கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் விடியவே கைபேசியில் அழைத்திருந்தார்.

"ஒரு கைலேஞ்சியும் மிச்சம் விடாதை, சரோ. சன்னல் சீலை, தலையணை உறை, பெடியன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன பை, எல்லாத்தையும் போடு."

அந்தப் பையை அதுவரை யாரும் திறக்கவில்லை. ஜனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை அவன் இல்லை. வயது இருபத்துநான்கு. பை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு சாரம், இரண்டு சேர்ட், துவாய், கைபேசிச் சார்ஜர். அடியில், உள்ளங்கை அளவில், நீல நூலால் பின்னிய ஒரு சதுரம். அதன் ஓரத்தில் ஒரு சேலைப்பின் குத்தியிருந்தது. பின் தன்னுடையது என்பதைச் சரோஜினிதேவி உடனே கண்டுகொண்டார். தோய்க்கும்போது பின் துருப்பிடித்தால் கறை போகாது. ஆகவே அதைக் கழற்றித் தன் வளையலில் மாட்டிக்கொண்டு, சதுரத்தைச் சேர்ட்டுகளோடு மெஷினுக்குள் போட்டார்.

அவருக்குக் கைவேலை தெரியாது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் படித்த நாளில் மனையியல் பாடத்துக்கு அவர் கொடுத்த மேசைவிரிப்பைத் தைத்தது அவருடைய தாய். கொழும்புக்கு வந்து இருபத்திரண்டு வருடம் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தார். வேகமாக டைப் அடிப்பார், கடைக்காரரோடு சிங்களத்தில் விலை பேசி வெல்வார். ஊசியும் நூலும் அவருக்கு ஒத்துவராதவை.

மகனுக்கோ ஒத்துவந்தன. கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஜனா, இரண்டு வருடத்துக்கு முன் கைபேசியில் வீடியோ பார்த்துக் குரோஷே பின்னப் பழகினான். பிறகு கூட்டாளிகளைச் சேர்த்தான். அவர்களில் ஒருவனான ஷிப்லியின் மாமாவுக்குக் காலி வீதியில் ஒரு துணிக்கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவே, சனிக்கிழமை பின்னேரங்களில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஆண்களும் பெண்களும், பதினான்கு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் ஜனா வரை. ஆளுக்கொரு கொக்கி ஊசி, ஒரு பந்து நூல்.

தில்லைநாதன் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். மகனின் இந்தப் பொழுதுபோக்கை அவரால் சீரணிக்க முடியவில்லை. "கணக்காளர் வருவார் எண்டு பாத்தால் கம்பளிக்காரரெல்லோ வாறார்" என்று சனிக்கிழமை தோறும் கதவடியில் வரவேற்பார். சரோஜினிதேவி பகிடி பண்ணவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கவும் இல்லை. கடை வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

குழு அந்த வருடம் ஒரு போர்வை பின்னிக்கொண்டிருந்தது. ஆளுக்கு நான்கு சதுரம், மொத்தம் நாற்பத்தெட்டு. ஹெந்தளையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் கொடுப்பதாக ஜனா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான். நாற்பத்தேழு முடிந்துவிட்டன. மிச்சம் அவனுடைய நாலாவது.

அதை வார்டில் கட்டிலில் இருந்து பின்னினான். வலது கையில் சேலைன் ஏற்ற வந்தபோது, "அம்மா, ஒரு பின் இருக்கே?" என்று கேட்டான். சேலைத் தலைப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அவன் ஓரத்துக் கண்ணியில் அதைக் குத்திப் பையில் வைத்தான். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

குரோஷே வேலை முழுவதும் கடைசியாகப் போட்ட ஒரு நூல் வளையத்தில், கடைசிக் கண்ணியில், நிற்கிறது. நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக வெளியே வளரும். நூலை அறுத்துக் கடைசிக் கண்ணிக்குள் இழுத்து இறுக்கும்வரை, பிடித்து இழுத்தால் எல்லாம் கழன்றுவிடும். அந்தக் கண்ணியைக் காக்கத்தான் பின். பன்னிரண்டு பேருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, பின்னைக் கொடுத்தவருக்குத் தெரியாது.

மெஷின் நின்றதும் மூடியைத் திறந்தார். நீல நூல் சேர்ட்டுப் பொத்தான்களிலும் சாரத்திலும் சுற்றிக் கிடந்தது. ஒரு சேர்ட்டைத் தூக்கினார். எங்கோ உள்ளே இன்னும் சில கண்ணிகள் கழன்றன. அது கைக்குத் தெரிந்தது.

அவர் போட்ட சத்தத்தில் தில்லைநாதன் கத்தரிக்கோலோடு வந்தார்.

"வெட்டாதேங்கோ!"

"சிக்கெல்லே, சரோ. வெட்டாமல் எப்பிடி எடுக்கிறது?"

"வெட்டினால் கையை வெட்டுவன்."

இரண்டு பேரும் பல்கனியில் ஈரத்துணிக்கு நடுவே இருந்து, பொத்தான் பொத்தானாக நூலைக் கழற்றினார்கள். கடைசியில் மிஞ்சியது ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு ஒரு வட்டம். சதுரத்தின் நடு. சரோஜினிதேவி அதைக் கைக்குள் பொத்திக்கொண்டார். வளையலில் இருந்த பின்னை எடுத்தார். எந்தக் கண்ணியில் குத்துவது என்று தெரியவில்லை. வட்டத்துக்குக் குறுக்கே ஒரே குத்தாகக் குத்தினார்.

பின்னேரம் மூன்று மணி கழிந்து, நூல் குவியலை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு காலி வீதிக்கு நடந்தார். துணிக்கடைப் படியடியில் நின்றார். மேலே ஏறவில்லை.

ஷிப்லி எட்டிப் பார்த்தான். ஜனாவின் வயதுதான், மாமாவின் கடையில் வேலை.

"அன்டி! ஏன் கீழ நிக்கிறீங்க? மேல வாங்களேன்."

"துடக்கு, மகன். நாளைக்குத்தான் கழியும். ஆக்கள் இருக்கிற இடத்துக்கு வரக்கூடாது. அந்த மிதுனாப் பிள்ளையை ஒருக்கால் வரச்சொல்லுங்கோ."

மிதுனா உயர்தர வகுப்பு மாணவி. குழுவில் சுத்தமாகப் பின்னுகிறவள் அவள்தான் என்று ஜனா எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. படியில் இறங்கி வந்தவள் பையைத் திறந்து பார்த்தாள். அவரை ஒரு படியில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தாள். பின்னைக் கழற்றமுன் வட்டத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கொக்கி ஊசியால் தேடித் தேடிக் கடைசிக் கண்ணியைப் பிடித்தாள்.

"ரெண்டு சுத்துத் தப்பியிருக்கு, அன்ரி."

"மிச்சம்?"

"மிச்சம் எல்லாம் கழண்டு போட்டுது." அவள் நூலை விரித்துக் காட்டினாள். அது நேராக இல்லை, நெளி நெளியாக இருந்தது. "இந்த நெளியெல்லாம் ஜனா அண்ணா போட்ட கண்ணி. இதே நூலில நான் திரும்பப் போட்டுத் தரட்டே? அரை மணித்தியாலம் காணும்."

சரோஜினிதேவி யோசித்தார்.

"இல்லைப் பிள்ளை. எனக்குக் காட்டித் தாங்கோ. கழட்டினது நான்."

அடுத்த சனிக்கிழமை அவர் மேல்மாடிக்கு ஏறினார். துணிக்கட்டில் ஒருவர், கதிரையில் ஒருவர் என்று பிள்ளைகள் இருந்தார்கள். ஜனா வழக்கமாக இருக்கும் சன்னலோரக் கதிரையை யாரோ அவருக்கு நகர்த்தினார்கள்.

முதலில் வேறு நூலில் பழக்கினார்கள். விரல் ஒத்துழைக்கவில்லை. ஷிப்லி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"அன்டி, நூலுக்கு மூச்சு முட்டுது. கழுத்த நெரிக்காதீங்க."

"ஷிப்லி அண்ணா மட்டும் தொடங்கேக்க என்னவாம்? நாலு மூலை போடச் சொன்னா அஞ்சு மூலை போட்டவர்" என்றாள் மிதுனா.

"அது டிசைன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சரோஜினிதேவியும் சிரித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜனா இங்கே எப்படி இருப்பான் என்று கேட்டார்.

"அவர் வாய் மூடமாட்டார், அன்ரி" என்றாள் மிதுனா. "கிரிக்கெட், படம், அரசியல், எல்லாம் கதைப்பார். நாங்கள்தான் கண்ணி எண்ணிறம், பேசாமலிருங்கோ எண்டு ஏசுறது."

"வீட்டில வாயே திறக்கமாட்டான்" என்றார் தாய்.

மிதுனா அவருடைய விரலில் நூலைத் திரும்பச் சுற்றிவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் ஜனாவின் வட்டத்திலிருந்து நீல நூலில் தொடங்கினார். மகனின் கை தளர்ந்த கை. தாயின் கை இறுகிய கை. அவன் போட்ட நடு அகன்று கிடக்க, இவர் போட்ட சுற்றுகள் அதை இழுத்துச் சுருக்கின. சதுரம் சிரட்டை போலக் குழிந்தது. மற்றச் சதுரங்களோடு வைத்தால் பாதியளவுகூட இல்லை.

"பிரிக்கத்தான் வேணும்" என்றாள் மிதுனா.

பிரித்தார்கள். மிதுனா இழுக்க, சரோஜினிதேவி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "காணும், காணும். அங்கால போகாதேங்கோ. அது அவன்ட." மிதுனா அந்த எல்லையில் ஒரு சிவப்பு நூலைக் கோத்துக் கட்டினாள். சிவப்புக்கு உள்ளே ஜனா, வெளியே அம்மா. மூன்று முறை போட்டு மூன்று முறை பிரித்தார்கள். நூல் பஞ்சு பறக்கத் தொடங்கியது. இன்னொரு முறை பிரித்தால் அறும் என்று தெரிந்தபோது மிதுனா ஊசியை மாற்றினாள். இறுகிய கைக்குப் பெரிய ஊசி. கண்ணி தானாக அகலும்.

டிசம்பர் நடுவில் சதுரம் முடிந்தது. மற்றவற்றோடு அளவு சரி. கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து முடிச்சிட்டார். சிவப்பு நூலைக் கழற்றினார்கள்.

ஷிப்லி போர்வையைத் தரையில் விரித்தான். நாற்பத்தேழு சதுரம் இணைந்து, ஒரு மூலையில் இடம் விட்டிருந்தது. சரோஜினிதேவி சதுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இது எனக்கு வேணும்."

மிதுனா ஷிப்லியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"கொண்டு போங்கோ, அன்ரி. நாங்கள் வேற ஒண்டு போட்டு அடைக்கிறம்."

வீட்டில் மகனின் படத்துக்குக் கீழே, சின்ன மேசையில், விளக்கின் பக்கத்தில் வைத்தார். வரும்போதும் போகும்போதும் தொட்டுப் பார்த்தார். வியாழக்கிழமை காலை தில்லைநாதன் தேத்தண்ணியோடு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு காலையும் அப்படித்தான் கொஞ்ச நேரம் நிற்பார். யோசனையில் கோப்பையைச் சதுரத்தின் மேல் வைத்தார்.

அவர் எடுக்கும்போது நீலத்தில் மண்ணிற வளையம் ஒன்று படிந்திருந்தது. மனைவி பின்னால் நிற்பதை அப்போதுதான் கண்டார்.

"சரோ, நான்... கோப்பைக்கு வைக்கிற துண்டு எண்டு நினைச்சன்."

சரோஜினிதேவி மேசையைப் பார்த்தார். கோப்பைக்கு அளவான துண்டுதான். தெரியாத எவருக்கும் அது அதுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை மூடமுன் போனார். மிதுனாவும் ஷிப்லியும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஷிப்லி போட்ட மஞ்சள் சதுரம் இருந்தது.

"அங்க குடுக்கிறன் எண்டு சொன்னது அவன்தானே" என்று சரோஜினிதேவி தன் சதுரத்தை நீட்டினார். "வீட்டில இது தனியக் கிடக்குது."

ஷிப்லி மஞ்சளைத் தடவினான். "நேத்துத்தான் தச்சேன், அன்டி. சுப்பரா இரிக்கிது." சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துத் தையலை வெட்டத் தொடங்கினான்.

மிதுனா கறையைக் கண்டாள். "தேத்தண்ணியே? தோய்ச்சா போயிடும்."

சரோஜினிதேவி கையை இழுத்துக்கொண்டார்.

"இனிப் பயமில்லை, அன்ரி. முடிச்சுப் போட்டாச்சு. எங்க பிடிச்சு இழுத்தாலும் கழராது."

கடையின் பின்பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. சரோஜினிதேவி சதுரத்தை ஈரமாக்கி, சவர்க்காரம் போட்டு, இரண்டு கையாலும் தேய்த்தார். முதலில் மெதுவாக. பிறகு சேர்ட்டுக் கழுத்தைத் தேய்ப்பது போல. பிழிந்தார். விரித்தார். நடுவில் ஜனாவின் இரண்டு சுற்று, வெளியே தன்னுடையவை. ஒரு கண்ணியும் கழலவில்லை. கறை கொஞ்சம் மிச்சம் இருந்தது. குழாயை மூடாமல் தண்ணீர் ஓட ஓட நின்று அழுதார். மிதுனா வந்து குழாயை நிற்பாட்டினாள்.

ஈரத்தோடு அதை மூலையில் வைத்து ஷிப்லி தைத்தான்.

போர்வை சனிக்கிழமை காலை கடை வானில் ஹெந்தளைக்குப் போகிறது. அந்த இல்லத்தில் போர்வைகளைத் திங்கட்கிழமைகளில் தோய்ப்பார்கள்.