ஐம்பதுக்குக் கீழே

மாதக் கடைசியில் துறைமுகப் பக்கத்து வியாபாரிகளிடம் கேள்வித்தாளோடு போவது என் வேலை. போன மாதத்தைவிட விற்பனை கூடியதா, அப்படியே இருக்கிறதா, குறைந்ததா? வேலையாட்களைப் பற்றியும் இதே கேள்வி உண்டு. நூற்றுக்கு எத்தனை பேர் விற்பனை கூடியது என்கிறார்களோ, அதோடு அப்படியே என்பவர்களில் பாதியைச் சேர்த்தால் சுட்டெண் வரும். ஐம்பதுக்கு மேலே என்றால் சந்தை ஏறுகிறது, கீழே என்றால் இறங்குகிறது. இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயிலே கட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

லிங்கநகரில் இருக்கும் அக்காவுக்கு, துறைமுகத் தொழிலாளருக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுக்க ஆசை. தையலை விட்டால்தான் அதில் இறங்கலாம். "துவங்கட்டோ?" என்று கேட்டாள். மூன்று மாதமாகச் சுட்டெண் ஐம்பதுக்குக் கீழே. "இப்ப வேண்டாம் அக்கா" என்று பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது.

அடுத்த முறை கிண்ணியாவில் ஒரு மீன் வியாபாரியிடம் போனேன். வாசலில் இரண்டு லொறிகளில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவது காத்து நின்றது.

"விற்பனை எப்படி நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"கொறவுதான் தங்கச்சி."

"வேலையாக்கள்?"

"இருக்கிற ஆக்கள் போதாம ரெண்டு பேரப் புதுசா எடுத்திருக்கன்."

என் பேனா நின்றுவிட்டது. குறைகிற வியாபாரத்துக்கு எதற்கு ஆள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நல்லம் எண்டு வாயால சொன்னா நாவூறு பட்டுரும் தங்கச்சி. வேற என்னத்தையும் கேளுங்க, சொல்றன்."

பொறுக்க முடியாமல் பஸ்ஸிலேயே பழைய தாள்களைப் பிரித்தேன். ஐஸ் தொழிற்சாலை: விற்பனை குறைவு, ஆட்கள் கூட. லொறிக்காரர்: விற்பனை குறைவு, ஆட்கள் கூட. ஆட்களுக்கு மட்டும் தனியாகச் சுட்டெண் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதமும் ஐம்பதுக்கு மேலே! நாவூறுக்குப் பயந்து சொன்னதைக் கூட்டி, வகுத்து, தசமப் புள்ளியும் வைத்து அக்காவின் அடுப்பை நான் அணைத்திருக்கிறேன். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. புது ஆட்கள் என்றால் மத்தியானம் பசிக்கிற வயிறுகள் அல்லவா?

வீட்டுக்குப் போகாமல் நேரே லிங்கநகருக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தையலை நிறுத்தாமலே கேட்டாள்.

"அண்டைக்கு ஒரு எண் வேண்டாம் எண்டுது. இண்டைக்கு வேறொரு எண் துவங்கச் சொல்லுது. எண்ணை நம்பி நான் தையலை விட ஏலாது. நீ என்ன சொல்லுறாய்?"

இத்தனை வருட வேலையில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"துவங்குங்கோ அக்கா. நான் சொல்லுறன்."

அக்கா மெஷினை மூடினாள்.

"முதல் நாளைக்கு எத்தனை கிலோ அரிசி காணும்?"