ராஜா சமாதியை மூடாத கொத்தனார்

நசரத்பேட்டைப் பக்கம் எங்கள் சிவன் கோயிலின் கருவறை, யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்திருக்கும். அதைக் கட்டிய ராஜாவும் அவருடைய குருவான சித்தரும் உள்ளேயே அடங்கியிருக்கிறார்கள் என்பது எங்கள் ஊருக்குப் பெருமை. எந்த இடம் என்றுதான் யாருக்கும் தெரியாது.

கும்பாபிஷேகத்துக்காகப் பிராகாரத்தில் கிரானைட் பதிக்க அம்பத்தூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் சிமெண்டுத் தூசி. தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் கல் வைக்கமாட்டார்.

கருவறைக்குப் பின்னால் தட்டியவர், திருப்பணிக் கமிட்டியில் இருந்த என்னைக் கூப்பிட்டார். மண்ணைக் கழுவினோம். பழைய கல்லில் இரண்டு ஜோடிப் பாதங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருந்தன. ராஜாவும் சித்தரும் அடங்கிய இடம் இதுதான் என்று கொத்தனாரிடம் சொன்னேன்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "கும்பாபிஷேகத்துக்கு நாலு நாள்தான் கீது. பதிச்சு மூடு, நைனா."

"ராஜாவே குரு காலாண்ட குந்திகினு கீறாரு. அவுங்க மேல நான் கல்லு போடுறதா? என்னால ஆவாது அண்ணாத்தே."

"அப்போ நாளைக்கு வராத."

"வரலபா."

கரணையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூடச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இன்று அங்கே விளக்கு எரிகிறது. வெளியூர்க்காரர்கள் தேடி வந்து கும்பிடுகிறார்கள்.

கும்பாபிஷேகத்தன்று எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். குருக்கள் முடிச்சுப் போடும்போது, இது அந்த மனிதரின் தலைக்கு உரியது என்று பட்டது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.