கழுத்துப் பிடிப்போடு நிந்தவூரைக் கடந்தமை

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்குக் கையும் காலும் கண்ணும் போதுமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கழுத்தும் வேண்டும் என்பதை, அது என்னைக் கைவிட்ட பின்னரே அறிந்தேன்.

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு காலை, சாய்ந்தமருதிலுள்ள என் இல்லத்தில் கண்விழித்தபோது கழுத்து நேர்முகமாக இறுகி நின்றது. காரைதீவையும் நிந்தவூரையும் கடந்து வயலுக்குப் போகாதிருக்கவும் இயலவில்லை. பக்கம் பார்க்க வேண்டுமாயின் உடல் முழுவதையும் திருப்ப வேண்டும். உடல் திரும்பினால் சைக்கிளும் திரும்புகிறது. காரைதீவில் இடப்புறமிருந்து யாரோ அழைக்க, நான் திரும்பி, மரக்கறிக் கடையொன்றின் பூசணிக்காய்களுக்கு மிக அண்மையில் நிறுத்த நேர்ந்தது. அதன்பின் எவர் அழைத்தாலும் நேரே பார்த்துச் செல்வதெனத் தீர்மானித்தேன்.

எங்கள் கரையோரத்தில் இது நடக்கக்கூடிய தீர்மானமன்று. சாலையோரம் அமர்ந்திருப்போர் ஸலாம் சொல்வர். போகிறவர் முகம் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். ஆயினும் முகத்தை மூடிய ஹெல்மட்டுக்குள் சொன்ன பதில் எனக்கு மட்டுமே கேட்டது.

என் சம்பந்தி நிந்தவூர்க்காரர். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தேநீர்க் கடை வாசலில் அமர்பவர். அன்று நான் வயலிலிருந்து திரும்பியபோதும் அங்கேதான் இருந்திருக்கிறார். எங்கள் வழக்கப்படி அவருடைய மகன், என் மகளை மணமுடித்த நாள்முதல் என் வீட்டிலேயே வாழ்கிறார். ஆகவே செய்தி அன்றிரவே என் சோற்றுக் கோப்பை வரை வந்து சேர்ந்தது.

"மாமா, வாப்பா சொன்ன ஸலாத்துக்கு நீங்க திரும்பியும் பாக்காமப் போயிட்டீங்களாம். கடையில எல்லாரும் சிரிச்சாங்களாம். வெள்ளிக்கிழமை எங்கட புள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்துக்கு வரமாட்டாராம்."

"கழுத்துப் புடிச்ச எண்டு சொல்லுங்களன் மகன்," என்றாள் என் மனைவி.

"சொன்ன மாமி. கழுத்துப் புடிச்சவர் எப்பிடி பைக் ஓடுற எண்டு கேக்காரு."

நியாயமான கேள்வி. மனைவி என் பக்கம் திரும்பினாள். "புள்ளைட வாப்பாட வாப்பா இல்லாம என்ன விருந்து? நீங்களே போய்க் கதைச்சிட்டு வாங்க."

மறுநாள் சைக்கிளிலேயே அவர் வீட்டுக்குச் சென்றேன். என்னைக் கண்டதும் சம்பந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய கழுத்து அத்துணை இலகுவாகத் திரும்பியது கண்டு எனக்குப் பொறாமையே உண்டாயிற்று.

"மச்சான், மெய்யாத்தான் கழுத்துப் புடிச்சிருக்கு."

"ஓம் ஓம். பெரிய ஆக்களுக்கு ரோட்டுல போகக்குள்ளதான் புடிக்கும்."

நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. இறுதியில், "சரி, வீடு தேடி வந்திட்டீங்க," என்று எழுந்து முஆனகா செய்தார். அதாவது, கழுத்தோடு கழுத்து வைத்து ஒருபுறமும் மறுபுறமுமாகத் தழுவுதல். முதற்புறத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்தேன். மறுபுறம் அவர் என்னை இழுத்தபோது நான் எழுப்பிய ஓசையில், அடுத்த வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தனர்.

"யா அல்லாஹ், மெய்தானா!" என்று அவர் என்னை நாற்காலியில் இருத்தினார். பின்பு என் சைக்கிளில் என்னையே பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ஒவ்வொரு கடையருகிலும் வேகத்தைக் குறைத்து, "மச்சானுக்குக் கழுத்துப் புடிச்சிருக்கு! ஸலாம் சொல்லல்ல எண்டு குறை நினையாதீங்க!" என்று கூவினார். ஆளுக்கொரு எண்ணெயின் பெயரைச் சொன்னார்கள்.

என் வீட்டு வாசலில் இறங்கி, "வெள்ளிக்கிழமை முதல் ஆளா நான் நிப்பன். அதுவரைக்கும் இது என்னட்ட இருக்கட்டும்," என்று சாவியைத் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். விருந்து சிறப்பாக நடந்தேறியது. சாவி இன்னும் நிந்தவூரில்தான் இருக்கிறது.