முதல் பாகம் இரண்டு

சாந்தா ரூஃபினா என்ற மலையூரில் செனைதாவுக்கு எதிரிகள் அதிகம். அத்தனை பேரும் அவள் எடுத்த திருவிழா வீடியோவில் இருப்பவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள்; விழாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஆள் எல்லை தாண்டி வடக்கே போனதும் கேமரா இவள் தோளில் ஏறியது. ஊரில் பாதி இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் பாத்திரம் கழுவுகிறது. கையில் அந்த நாட்டுப் பேப்பர் இல்லை, திருவிழாவுக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. திருவிழாதான் அவர்களிடம் போக வேண்டும், அதுவும் முழுசாக. ஒரு ஆட்டத்தை வெட்டினால் ஆடினவன் அடுத்த விழாவரை பேசமாட்டான். அசையாமல் நின்றே மானத்தை வாங்கிய காளையைக்கூட வெட்டக் கூடாது, அதற்கும் சொந்தக்காரன் இருக்கிறான்.

இந்த வருடம் விழாவை ஏற்று நடத்தியது செனைதாவின் தம்பி எலாதியோ. அவனும் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் இருக்கிறான், அங்கிருந்தே பணம் அனுப்பினான். விழா எடுத்தவர் ஆட வேண்டிய ஆட்டத்தை அவனுக்குப் பதிலாக அம்மா ஆடினாள். மூட்டு தேய்ந்துவிட்டது, இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். அந்த ஆட்டத்தைத் தம்பி முழுசாகப் பார்க்க வேண்டும். செனைதாவுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கம்ப்யூட்டர் காலையிலிருந்து வீடியோவைக் கோத்துப் பென்டிரைவில் எழுதியது. அம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் காலை எடுத்து வைக்கிற இடத்தில் நின்றுபோனது. இடம் போதாது என்றது. திறந்து பார்த்தால் பென்டிரைவில் முக்கால்வாசி காலி. அழித்துவிட்டு மறுபடி எழுதவைத்தாள். அதே பாவாடை, அதே கால். செனைதா தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ், எவ்வளவு இடம் இருந்தாலும், ஒரே ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினால் வாங்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதற்கே சொன்னது. புது முறைக்கு மாற்றலாம். போன வருடம் மாற்றித்தான் அனுப்பினாள். அங்கே ஊர்க்காரர்கள் கூடிப் பார்க்கிற மண்டபத்து டிவி அதை நீ யாரென்றுகூடக் கேட்கவில்லை. ஊர்ச்சனம் மொத்தமும் நீலத் திரையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியது. இணையத்தில் அனுப்பலாமென்றால், இந்த மலையில் ஒரு போட்டோ போகவே அரை நாள். அளவைக் குறைத்தால் முகமெல்லாம் பிசைந்த சோளமாவாகிறது.

இரண்டாக வெட்டுவதுதான் மிச்சம். விழாக் கமிட்டித் தலைவர் கௌதென்சியோ கீழ்த்தெருக்காரர். வெட்டினால் கீழ்த்தெரு ஆட்டமெல்லாம் இரண்டாம் பாகத்தில் விழும் என்று கேள்விப்பட்டு நேரே வந்துவிட்டார்.

"நாங்க என்னம்மா, ரெண்டாந்தரமா?"

"தலைவரே, அது தெருவப் பாத்தா வெட்டுது? நாலு ஜிபியப் பாத்து வெட்டுது."

"அந்த ஜிபி மேல்தெருவா?"

வாசலில் பிலெமோன் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். காய்ந்த மிளகாய், மோலே மசாலா, பாலாடைக்கட்டி என்று ஊர்ப் பொட்டலங்களை வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன். அவன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மறுபடி நீலத் திரைதான். அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும். செனைதா வீடியோவை இரண்டாக வெட்டி, ஒன்றுக்கு 'மேல்தெரு முதல் பாகம்' என்றும் மற்றதற்குக் 'கீழ்த்தெரு முதல் பாகம்' என்றும் பெயர் வைத்தாள். விழா எடுத்தவர் ஆட்டம் இரண்டு தெருவுக்கும் பொது. ஒன்றில் வைத்தால் இன்னொன்று சண்டைக்கு வரும். அதனால் அம்மாவின் ஆட்டத்தை முதல் ஃபைலின் கடைசியிலும் இரண்டாவதன் தொடக்கத்திலும் முழுசாக வைத்தாள். முதல் ஃபைலில் அதற்கு இடம் பண்ண, காளை சும்மா நின்றதில் கொஞ்சத்தை யாருக்கும் சொல்லாமல் எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் ஓயவில்லை. காளைக்காரனின் மைத்துனன் காளை ஏன் சீக்கிரம் போய்விட்டது என்று கேட்டான். இன்னொருத்தி, உன் அம்மா இரண்டு தரம், என் அம்மா ஒரே தரமா என்று கத்தினாள். கேமராவைக் கிணற்றில் போட்டுவிடலாம் போலிருந்தது. கடைசியாக எலாதியோ கூப்பிட்டான்.

"அக்கா, அம்மா ரெண்டு தடவ வந்துச்சு."

"நீயும் ஆரம்பிச்சுட்டியாடா? வேற வழி இருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"அதுக்குச் சொல்லலக்கா. மொத தடவ கண்ணு நெறஞ்சு ஒண்ணுமே தெரியல. ரெண்டாந்தடவதான் பாத்தேன்."

செனைதா போனை அம்மாவிடம் கொடுத்தாள்.